வெளிச்சம் புகாத ஜோடி

அன்புள்ள மனைவிக்கு,

நானும் மகளும் இங்கே நலம். நீ அங்கே நலமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்றரைப் பக்கம் நீ வேலைக்குப் போன மரப்பட்டறையின் மேஸ்திரியைப் பற்றி. மிச்சமிருந்த அரைப் பக்கத்தில் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருக்கிறாய். சாப்பிடுகிறேன்.

இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். போனில் நீ சிரித்துவிடுகிறாய், எனக்குக் கேட்க வந்தது மறந்துபோகிறது. காகிதத்தில்தான் என்னால் முழுசாகக் கோபப்பட முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வாயாடி பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாள். வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வீட்டில் தினமும் என்னை வைத்துத்தானே பழகுகிறாள். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. தெருமுனைத் தையற்கடை அம்மா, துணி வெட்டுவதற்கு ஒரு மேசை கேட்டிருக்கிறார். நல்ல நீளம், நான்கு பலகை ஒட்ட வேண்டும். அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து துணி மடித்துத் தருகிறாள், உன்னைப் பற்றி விசாரிக்கிறாள். உன் நாத்தனார் விசாரிப்பது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் மட்டக்கோல்கள் கோணல் என்று எழுதியிருக்கிறாய். அதைக் கடிதத்தில் எழுத உனக்குக் கை எப்படி வந்தது என்று தெரியவில்லை. அதுவும் எனக்கு முன்னால் வாயாடி உறையைப் பிரித்து, "அப்பா, உங்க கோல் கோணலாம்பா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தாள்.

பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கோலே நேராக இல்லை என்றால், அப்புறம் நான் இத்தனை காலம் செய்த வேலைக்கு என்ன பெயர்? உன் கோலும் என் கோலும் ஒரே பலகையில் பிறந்தவை. நம் பட்டறையைத் தொடங்கியபோது, நன்றாகக் காய்ந்த மரமாக, ரேகை நீளவாட்டில் நேராக ஓடுவதாகப் பார்த்து எடுத்து, நடுவில் அறுத்து, இரண்டையும் சேர்த்துக் கவ்விப் பிடித்து ஒன்றாக இழைத்தேன். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. விளிம்போடு விளிம்பு வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தோம். நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. "மயிரிழை கூட இல்லீங்க" என்று சொன்னது நீதான், உன் மேஸ்திரி இல்லை. அதற்குப் பிறகும் மழைக்காலம் முடிந்தால் பார்ப்போம், வெயில்காலம் முடிந்தால் பார்ப்போம். எங்கேயாவது வெளிச்சம் புகுந்தால் என்னுடையதை ஒரு சீவு சீவி உன்னுடையதோடு மறுபடி பொருத்திவிடுவேன். பிள்ளையைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

நீ கொண்டுபோன அந்தக் கோலை உன் மேஸ்திரி சமமாகத் தேய்த்த ஒரு இரும்புப் பாளத்தின் மேல் வைத்தாராம், அது முன்னும் பின்னும் ஆடியதாம். "இது மட்டக்கோல் இல்லம்மா, தொட்டில் கட்டை" என்றாராம். பட்டறையே சிரித்ததாம். நீ சிரித்தாயா என்று எழுதவில்லை. சிரித்திருப்பாய்.

அதோடு விட்டாரா? உனக்கு ஒரு எஃகுக் கோல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒருவன் அடுத்தவன் மனைவிக்குப் பூ வாங்கிக் கொடுத்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். மட்டக்கோல் வாங்கிக் கொடுத்தவரை என்னவென்று சொல்லிப் பிடிப்பது? பூவாவது சாயங்காலத்துக்குள் வாடிவிடும். இது துருக்கூடப் பிடிக்காது என்று நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது. மூடி மறைக்காமல் சொல்கிறேன், எரிகிறது. அவர் கண்ணுக்கு ஒரு தாளின் கனம்கூடத் தப்பாதாம். அவர் பேசினால் எல்லாரும் இழைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம். அவருக்குக் கோபமே வராதாம். இந்தக் கடைசி வரியை யாருக்காக எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா?

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். கடைசித் துண்டையும் மடித்து வைத்துவிட்டு, "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை கேட்டிருக்கியா தம்பி" என்றாள். "மரப்பட்டறையில அரசன் எங்கக்கா வந்தான், உனக்கு வேற வேலை இல்லையா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். உனக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன் என்பதை மறந்துவிடாதே.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்வது போல எழுதியிருக்கிறாய்: இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், சரிபார்க்கிற பிரிவை உன் பொறுப்பில் விடுகிறார்கள், மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், "நீங்க வேண்டாம்னா வந்துடறேன், நீங்க சொல்றதுதான்." நல்லவேளை, என்னிடம் கேட்டாய். என் பதில், வேண்டாம். ஒரு வருஷம் என்றுதான் போனாய். கேட்பவர்களிடம் எல்லாம், எனக்கு முதுகுவலி, தூரப் பயணம் ஆகாது, அதனால்தான் அவளை அனுப்பினேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பேச்சு ஒரு வருஷத்துக்குத்தான் தாங்கும். எந்த முதுகு மூன்று வருஷம் வலிக்கும்?

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாய் என்று அடுத்த கடிதத்தில் நான் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
நேரான கோலுக்குச் சொந்தக்காரனான உன் கணவன்

மறுபடியும் ஒன்று. நாய் வாலை நிமிர்த்துவதற்கு ஏதாவது கோல் இருக்கிறதா என்று உன் மேஸ்திரியைக் கேட்டு எழுது.

*

அன்புள்ள மனைவிக்கு,

உன் பதில் கிடைத்தது. நாங்கள் நலம். குழாய் நலமில்லை, இப்போது சொட்டுவதோடு பாடவும் செய்கிறது.

உன் மேஸ்திரிக்கு மூன்று பேத்திகள் என்றும், முழங்கால் வலி என்றும், கீழே உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். நான் கேட்டேனா? நான் கேட்கவே இல்லை. அக்காவுக்குப் படித்துக் காட்டியதும் அவளுக்கு உயிர் வந்தது. "பாவம், பெரியவரா" என்றாள். அன்றைக்கே உனக்குக் கையுறை பின்ன ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அப்படி ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல் அப்படியே இருக்கிறது, யார் மேல் என்றுதான் இப்போது தெரியவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் வாயாடி சொல்லிவிடுவாள், அதுவும் கூடவே நடித்துக் காட்டிச் சொல்லுவாள்.

தையற்கடை அம்மாவின் மேசைக்குப் பலகைகளை இழைத்து, என் கோலை வைத்துப் பார்த்து, பசை போட்டு, கவ்விகளை மாட்டி இறுக்கி வைத்தேன். மறுநாள் கழற்றினால் நடுவில் பிடித்திருக்கிறது, இரண்டு முனையிலும் வாய் திறந்து சிரிக்கிறது. நான்கு பலகை, மூன்று இணைப்பு, மூன்றும் சிரிக்கிறது. மரம் சரியில்லை என்றேன். காயாத மரத்தைக் காய்ந்தது என்று தலையில் கட்டிவிட்டான் என்று மரக்கடைக்காரனைத் திட்டினேன். பசை பழசு என்றேன். வாயாடி மேசை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்றாள். பேச்சுப் போட்டிக்கு அனுப்பியது என் தப்பு.

அதற்குப் பிறகுதான், உன் வாயை அடைப்பதற்காகவே, நீ எழுதியிருந்த சோதனையைச் செய்தேன். பெரிய காகிதத்தை மேசை மேல் ஒட்டினேன். பென்சிலை உளி தீட்டுகிற மாதிரி தீட்டிக்கொண்டேன். கோலை வைத்து நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். பிறகு கோலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் புரட்டி, அதே விளிம்பை அதே இரண்டு முனைப் புள்ளிகளில் வைத்து, மறுபடி ஒரு கோடு இழுத்தேன். கோல் நேர் என்றால் இரண்டு கோடும் ஒன்றாகிவிட வேண்டும். ஆகவில்லை. முனைகளில் சேர்ந்து நடுவில் பிரிந்து, காகிதத்தில் ஒரு நீளமான கண் மாதிரி திறந்துகொண்டது. பென்சில் நழுவிவிட்டது என்று இன்னொரு தடவை இழுத்தேன். இன்னொரு கண். வாயாடியைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். அவள் இழுத்தாலும் கண்தான்.

அப்போதுதான் புரிந்தது. உன் கோல் எப்போதோ நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் தெரிகிற இடம் போகும்வரை என்னுடையதைச் சீவி, அந்த வயிற்றுக்கு ஏற்ற பள்ளத்தை என் கோலில் செய்துகொண்டே வந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்தால் வெளிச்சம் எங்கே புகும்? பொருத்தமோ பொருத்தம். தனித்தனியே எடுத்தால் இரண்டும் கோணல். இரண்டு பேர் ஒத்துப்போய்விட்டால் அது சரி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதுக்கோல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன், அதாவது உன் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு. கருவிக்கடைக்காரர் முதலில் பளபளவென்று, எண்கள் பொறித்த, கைப்பிடி வைத்த ஒன்றை எடுத்துப் போட்டார். "அளக்கிறதும் இதுலயே அளந்துக்கலாம்ணே" என்றார். அளவுகோலும் மட்டக்கோலும் ஒன்றில்லை, ஒன்றைக் கொண்டு இன்னொன்றின் வேலையைச் செய்யாதீர்கள் என்று உன் மேஸ்திரி சொன்னதாக எழுதியிருந்தாய். நான் அதை என் சொந்தக் கருத்து மாதிரி கடைக்காரரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். அந்த மரியாதை யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்று நினைத்ததும் எனக்கு எரிந்தது.

பளபளப்பானதை விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தேன், நேராகத் தெரிந்தது. கல்லா மேல் நிறுத்தி விரலால் அழுத்தினேன், வளைந்தது. கனம் போதாது. அடுத்ததை எடுத்தேன், கையை விட நீளமில்லை. இழைக்கிற பலகையில் பாதி நீளமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு எல்லாம் சமம் என்று சொல்லும். இதுவும் அவர் சொன்னதுதான். பிறகு உள்ளேயிருந்து கனமான எஃகுக் கோல்களாக எடுத்துவரச் சொல்லி, இரண்டிரண்டாக விளிம்பு சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு ஜோடி அப்படியே ஒட்டிக்கொண்டது, வெளிச்சமே இல்லை. பழைய நானாக இருந்தால் அங்கேயே வாங்கியிருப்பேன். மூன்றாவது ஒன்றை எடுத்து இரண்டோடும் வைத்துப் பார்த்தேன். ஒன்றோடு சேர்ந்தது, மற்றதோடு நடுவில் வெளிச்சம். இரண்டு ஒத்துப்போனால் போதாது, மூன்றாவதும் ஒத்துப்போக வேண்டும். காகிதம் கேட்டு வாங்கிக் கோடு இழுத்துப் புரட்ட ஆரம்பித்ததும் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, கோல் வாங்க வந்தீங்களா, குற்றவாளியைக் கண்டுபிடிக்க வந்தீங்களா" என்றார். குற்றவாளியை ஏற்கனவே வீட்டில் கண்டுபிடித்தாகிவிட்டது என்று சொல்லவில்லை.

கடைசியில் ஒரு கறுத்த, அழகில்லாத, எண்ணும் எழுத்தும் இல்லாத கோல்தான் எல்லாவற்றிலும் தேறியது. ஒரு விளிம்பு சரிவாகச் சீவியது, முனையில் தொங்கவிட ஓட்டை. "போயும் போயும் இதையா எடுக்கறீங்க" என்று கடைக்காரருக்கு வருத்தம். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். அந்த மனிதர் சொன்னதில் ஒன்றாவது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா?

ஒரு சந்தேகம் இருக்கிறது, நேராகப் பதில் எழுது. நீ இங்கே இருந்தவரை என் இணைப்புகள் வாய் திறந்ததே இல்லை. கோல் அதே கோல்தான். கை என் கைதான். பள்ளம் விழுந்த கோலில் பார்த்து இழைத்தால் பலகை வயிறு தள்ளித்தான் நின்றிருக்க வேண்டும், முனை பிரிந்துதான் இருக்க வேண்டும். எப்படிப் பிரியாமல் இருந்தது? நீ போன பிறகு மட்டும் ஏன் பிரிகிறது?

இரண்டு வருஷ விஷயத்தில் என் பதில் பழைய பதில்தான். வந்துவிடு. காரணம் கேட்காதே, கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

உன் கைவிரல்களைக் குளிரில் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிற,
உன் கணவன்

*

என் அன்பு மேஸ்திரியம்மாவுக்கு,

நலம். மகள் நலம். குழாயைச் சரிசெய்துவிட்டேன். தண்ணீர்க் குழாய்க்காரர் வந்து, "ஒரு வாஷர் போட்டா தீர்ந்தது, இதுக்கா இத்தனை மாசம்" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாருக்கும் என்னைக் கேள்வி கேட்க நேரம் கிடைத்திருக்கிறது.

உன் பதிலைப் படித்தேன். வாயாடிக்குத் தெரியாமல் முதலில் நானே படித்தேன். "நீங்க பலகையை இழைச்சு வெச்சுட்டு டீ குடிக்கப் போவீங்க இல்லையா, அப்ப ஒண்ணு மேல ஒண்ணு நிறுத்திப் பார்ப்பேன். நடுவுல முட்டும், முனை ஆடும். நடுவுல ரெண்டு சீவு எடுத்துட்டு வெச்சுடுவேன். நீங்க தெரிஞ்சுதான் எனக்குன்னு விட்டுட்டுப் போறீங்கன்னு நினைச்சேன்" என்று எழுதியிருக்கிறாய். இதில் பெருமையும் இல்லை, குத்தலும் இல்லை. சட்டையில் பொத்தான் தைத்தேன் என்பது போல எழுதியிருக்கிறாய். நீ குத்திக்காட்டி எழுதியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன்.

நான் ஒன்றும் தெரிந்து விட்டுப் போகவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் டீ குடிக்கப் போனேன். இந்தத் தெருவில் எனக்கு நல்ல வேலைக்காரன் என்று ஒரு பெயர் இருக்கிறதே, அதில் பாதி நான் டீ குடித்த நேரத்தில் நீ சம்பாதித்தது.

தையற்கடை மேசையைப் பிரித்து, ஒட்டிய இடத்தை அறுத்து, புதுக்கோலை வைத்து முதலிலிருந்து இழைத்தேன். இந்தத் தடவை டீ குடிக்கப் போகவில்லை. பலகையை நிறுத்தி, கோலை மேலே வைத்து, பின்னால் விளக்கைக் காட்டி, வெளிச்சம் தெரியாத இடத்தில் மட்டும் ஒரு சீவு எடுத்து, திரும்ப வைத்து, திரும்ப எடுத்து, கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை செய்தேன். கடைசியில் முனையிலிருந்து முனைவரை ஒரே இருட்டு. பசை போட்டு மறுநாள் கழற்றினால் இணைப்பு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் இதைவிட நல்ல இணைப்பை நான் செய்ததில்லை. யாருடைய உதவியும் இல்லாமல் செய்தேன்.

தையற்கடை அம்மா வந்தார். துணியோடு பழகியவர் இல்லையா, கண்ணால் பார்க்கவில்லை, விரல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்துப் பார்த்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "உங்க வீட்டம்மா வந்துட்டாங்களா தம்பி? சொல்லவே இல்லையே" என்றார். இல்லை, இது நான் செய்தது என்றேன். "அப்படியா, அப்ப நல்லாத்தான் பழக்கிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க" என்று என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அந்த மேசை மேல் உட்கார்ந்திருந்தேன். யார் மேல் எரிகிறது என்று போன கடிதத்தில் தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்துவிட்டது. உன் மேஸ்திரி மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் முழங்கால் குணமாகட்டும். எனக்குப் பொறாமை உன் மேல்தான். உன் பட்டறைக்காரர்கள் இங்கே ஆள் எடுக்க வந்தபோது நம் இரண்டு பேருக்கும் ஒரே மரத்தைக் கொடுத்து, ஒரே வேலையைச் செய்யச் சொன்னார்கள். உன்னுடையதை எடுத்துக்கொண்டார்கள். வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் நான்தான் பெருமையாகச் சொன்னேன், நீ பார்த்தாய். உள்ளே போய் இழைப்புளி அலகைக் கழற்றித் தீட்டிக்கொண்டே இருந்தேனே, அதையும் பார்த்திருப்பாய். அது தீட்ட வேண்டிய அலகே இல்லை. எனக்கு முதுகுவலியும் இல்லை, உனக்கே தெரியும். அன்றிலிருந்து எரிகிறது. யாராவது ஒருவர் கிடைத்தால் போதும் என்றிருந்தேன், உன் கடிதத்தில் அந்தப் பெரியவர் வந்து அகப்பட்டார்.

கட்டிய மனைவி மேல் ஒருவன் பொறாமைப்படலாமா என்று கேட்காதே. இந்த வீட்டில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. வாயாடியிடம் சொன்னேன், அவளிடம்தான் சொல்ல முடிந்தது. கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. "அம்மாகிட்ட வந்துடுன்னு சொன்னீங்களே, அது அம்மா வேணும்னா, இல்ல அம்மா அங்க பெரிய ஆளா ஆகக் கூடாதுன்னா?" என்று கேட்டாள். இரண்டும் என்றேன். "அப்ப ரெண்டாவதை மட்டும் வாபஸ் வாங்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் பள்ளிக்கூடமே முடித்துவிடுவாள், அது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதனால் என் பதிலை மாற்றி எழுதுகிறேன். இரு. அந்தப் பிரிவை நீயே எடுத்துக்கொள். என்னிடம் கேட்டது உன் நல்ல குணம், ஆனால் நீ கேட்டதில் எனக்குக் கோபமும் உண்டு. வேண்டாம் என்று சொன்னால் நான் கெட்டவன், சரி என்று சொன்னால் நான் தனி ஆள். இனி இப்படிப்பட்டதை என்னிடம் கேட்காமல் முடிவு செய்துவிட்டு, பிறகு சண்டை போட வா. ஒரே ஒரு நிபந்தனை. இந்த இரண்டில் முதல் வருஷம் முடிந்ததும் ஒரு மாதம் விடுமுறை வாங்கிக்கொண்டு வர வேண்டும், வாயாடியின் கடைசித் தேர்வுக்கு முன்னால். அதை அவர்களிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள். அக்காவின் கையுறை தனிப் பொட்டலமாக வருகிறது. ஒரு கட்டைவிரல் பெரிதாக இருக்கும், ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொள்.

எரிச்சல் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதும் இருக்கிறது. நீ அங்கே நூறு பேர் வேலையைத் தொட்டுப் பார்த்து இது சரி, இது சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாய். அவர்கள் இழைப்பதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்ப்பார்கள். உன் கண் இன்னும் கூராகும். திரும்பி வரும்போது என்னை எங்கேயோ தாண்டிப் போயிருப்பாய். போ, நன்றாகப் போ. மனதாரச் சொல்கிறேன், வயிற்றெரிச்சலோடும் சொல்கிறேன், இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ வந்து பட்டறைக்குள் காலை வைத்ததும், நான் செய்து வைத்த ஒவ்வொரு பொருளிலும் தப்பு எங்கே என்று உன் கண் தானாகவே போகும். அது உன் தொழில், தடுக்க முடியாது. ஆனால் வந்த அன்றைக்கு மட்டும் என்னைப் பார். பலகையை எல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன்னைப் பார்த்து எரிந்துகொண்டும், உன் வழியைப் பார்த்துக்கொண்டும் இருக்கிற
உன் கணவன்